பென்டிரைவை அப்படியே உருவலாமா? விண்டோஸின் ‘சேஃப்லி ரிமூவ்’ வசதி: ஒரு மதிப்புரை

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழும்: “எடுத்துக்கிடட்டா அண்ணே?” பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: “சும்மா உருவுங்க, ஒண்ணும் ஆவாது.” பல நேரம் ஒன்றும் ஆவதுமில்லை. ப்ராஜெக்ட் பிரிண்ட் எடுக்க வந்த மாணவரின் பென்டிரைவ் பிழைத்துக்கொள்கிறது. அதே பழக்கத்தில், கல்யாண வீடியோ இருக்கும் ஹார்ட் டிஸ்கையும் உருவும்போதுதான் வினை வந்து சேர்கிறது.

டாஸ்க்பாரின் வலது மூலையில், சின்ன அம்புக்குறிக்குள் ஒளிந்திருக்கும் ‘சேஃப்லி ரிமூவ் ஹார்ட்வேர்’ ஐகானைத்தான் இங்கே மதிப்பிடுகிறோம். கணினியோடு சும்மா வருகிற வசதி என்பதால் இதை யாரும் ஒரு பொருளாக எடைபோட்டுப் பார்ப்பதில்லை. மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். செய்யும் வேலைக்கு ஐந்துக்கு நாலரை. என்ன நடக்கிறது என்பதை நம்மிடம் சொல்லும் விதத்துக்கு இரண்டு கொடுப்பதே அதிகம்.

அந்த ஐகானை அழுத்தினால் மூன்று வேலை நடக்கிறது. பென்டிரைவுக்குப் போக வேண்டிய டேட்டா ஏதாவது ராமில் (கணினியின் தற்காலிக நினைவகத்தில்) தங்கியிருந்தால் அதை எழுதி முடிக்கிறது. அந்த டிரைவில் எந்தப் புரோகிராமாவது ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் ஃபைல் சிஸ்டத்தை (ஃபைல்களை டிரைவில் அடுக்கி வைக்கும் ஏற்பாட்டை) முறையாக மூடுகிறது. கடைசியாக, ‘வேலை முடிந்தது, நிறுத்திக்கொள்’ என்று டிரைவுக்கே சொல்லி அனுப்புகிறது. பென்டிரைவுக்கு முதல் இரண்டும் முக்கியம். சுழலும் ஹார்ட் டிஸ்குக்கு மூன்றாவதுதான் உயிர்.

அப்படியானால் “ஒண்ணும் ஆவாது” என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அதற்கும் காரணம் உண்டு. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, வெளியே மாட்டும் டிரைவுகளுக்கு ‘குயிக் ரிமூவல்’ என்ற முறையை மைக்ரோசாஃப்ட் இயல்பான அமைப்பாக்கியது. இதில் எழுத வேண்டியதை ராமில் சேர்த்து வைக்காமல் நேரே டிரைவுக்கு அனுப்பிவிடுகிறது. காப்பி முடிந்து, வேறு எந்த எழுதும் வேலையும் ஓடாத நேரமென்றால், ஐகானை அழுத்தாமலே எடுக்கலாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. ஆனால் ‘எழுதும் வேலை ஓடாத நேரம்’ என்ற நிபந்தனையை விட்டுவிட்டு மீதியை மட்டும் ஊர் முழுக்கப் பரப்பிவிட்டோம்.

உங்கள் கணினியில் எந்த முறை இருக்கிறது என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். டிரைவைச் சொருகுங்கள். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’டைத் திறங்கள். கீழ்ப்பாதியில் ‘டிஸ்க் 1’ என்பது போல இடது ஓரத்தில் சாம்பல் கட்டம் இருக்கும். அதில் ரைட் கிளிக், ‘ப்ராப்பர்ட்டீஸ்’, பிறகு ‘பாலிசீஸ்’. அங்கே ‘குயிக் ரிமூவல்’, ‘பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்’ என்று இரண்டு இருக்கும். இந்த அமைப்பு ஒவ்வொரு டிரைவுக்கும் தனித்தனி. எடிட்டிங் செய்யும் கணினிகளில், வேகம் கூடும் என்று யாரோ சொல்லக் கேட்டு இரண்டாவதை வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் இந்தக் கட்டுரையின் மற்ற சலுகைகள் எதுவும் உங்களுக்குக் கிடையாது. ஒவ்வொரு முறையும் எஜெக்ட் கொடுத்தே (அதாவது அந்த ஐகானை அழுத்தி, டிரைவை விடுவித்தே) ஆக வேண்டும்.

குயிக் ரிமூவல் இருந்தாலும், நாம் ‘படிக்க மட்டும் திறந்தோம்’ என்று நினைக்கும் வேலைகளில் பல உண்மையில் எழுதவும் செய்கின்றன. பென்டிரைவில் இருக்கும் வேர்ட் ஃபைலை அங்கேயே டபுள் கிளிக் செய்து திறந்தால், அதே ஃபோல்டரில் மறைவாக ஒரு தற்காலிக ஃபைலை வேர்ட் உருவாக்கும். திருத்தி சேவ் செய்தால் புதிதாக எழுதிப் பழையதை நீக்கும். பிரிண்ட் வந்துவிட்டது என்று வேர்டை மூடாமலே உருவினால், அந்தத் தற்காலிக ஃபைல் பென்டிரைவிலேயே தங்கிவிடும். சேவ் ஓடிக்கொண்டிருந்தால் அசல் ஃபைலே போகவும் கூடும். இதற்கு எளிய வழி, ஃபைலை முதலில் டெஸ்க்டாப்புக்கு காப்பி செய்து, அங்கிருந்து திறப்பது. ஜெராக்ஸ் கடைக்காரர்கள் இதை ஒரு ஒழுங்காகவே வைத்துக்கொள்ளலாம். பிரிண்ட் முடிந்ததும் டெஸ்க்டாப்பிலிருந்து அழிக்கவும் வேண்டும். வந்தவரின் ஆதார் நகல் கடைக் கணினியில் கிடக்கக் கூடாது.

இப்போது பென்டிரைவின் முனையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பழைய அகலமான யுஎஸ்பி முனைக்குள் நான்கு பொன்னிறப் பட்டைகள் தெரியும். ஓரத்தில் உள்ள இரண்டும் நடுவில் உள்ள இரண்டைவிடக் கொஞ்சம் நீளம். ஓரத்தவை மின்சாரத்துக்கு, நடுவில் உள்ளவை டேட்டாவுக்கு. சொருகும்போது மின்சாரம் முதலில் சேரும். உருவும்போது டேட்டா முதலில் அறுந்து, மின்சாரம் கடைசியில் அறும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் மாட்டவும் கழற்றவும் வசதியாக ஆரம்பத்திலேயே இப்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஆகவே வெறுமனே உருவுவதால் பென்டிரைவ் ‘எரிந்துபோகும்’ என்ற பயம் வேண்டாம். ஆனால் அந்த நீளப் பட்டைகள் தரும் கூடுதல் நேரம் கண்ணிமைக்கும் பொழுதைவிடக் குறைவு. பாதியில் நின்ற காப்பியை முடிக்க அது எந்த மூலைக்கும் போதாது.

கெட்டுப்போவது பெரும்பாலும் வீடியோவோ போட்டோவோ அல்ல, அவை எங்கே இருக்கின்றன என்று குறித்து வைத்திருக்கும் அட்டவணை. டிரைவை ஃபார்மட் செய்யும் முறைகளில் ஒன்றான ஃபேட்32-இல் அந்த அட்டவணைக்கு இரண்டு பிரதி உண்டு. எக்ஸ்ஃபேட்டில் வழக்கமாக ஒன்றுதான். இரண்டிலுமே, ‘இதைச் செய்யப் போகிறேன்’ என்று முன்கூட்டிக் குறித்துவைக்கும் ஜர்னல் கிடையாது. என்டிஎஃப்எஸ்ஸில் ஜர்னல் உண்டு. அதனால் பாதியில் அறுந்தாலும் அட்டவணை தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் பாதி எழுதிய ஃபைல் பாதியாகத்தான் இருக்கும். ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக வைக்க முடியாது என்பதால் வீடியோ வேலை செய்கிறவர்கள் பலரும் எக்ஸ்ஃபேட்டுக்கு மாறிவிட்டார்கள். விளைவாக, பெரிய வேலைகளெல்லாம் பாதுகாப்பு குறைந்த முறையில் போய் உட்கார்ந்திருக்கின்றன. ஸ்டுடியோக்காரர்கள் எஜெக்ட் விஷயத்தில் மற்றவர்களைவிடக் கறாராக இருக்க இந்த ஒரு காரணமே போதும்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். வினாடிக்கு 100 மெகாபிட்டில் எடுக்கும் 4கே வீடியோ, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி வரும். மலிவான பென்டிரைவ் வினாடிக்கு 10 எம்பி எழுதினால், அதைக் காப்பி செய்ய ஒன்றேகால் மணி நேரம். கோட்டார் சவேரியார் கோயில் திருவிழாவையோ, சுசீந்திரம் மார்கழித் தேரோட்டத்தையோ மூன்று கேமராவில் எடுத்தால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான ஜிபி சேரும். இவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு, கடைசிப் பத்து வினாடியை மிச்சம் பிடிக்க நினைப்பதில் எந்த லாபமும் இல்லை.

காப்பி முடிந்து 100 சதவீதம் காட்டிய பிறகும் பென்டிரைவின் விளக்கு சில நேரம் மின்னிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் ஃபிளாஷ் சிப்பில் ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேல் நேரே எழுத முடியாது. ஒரு பெரிய தொகுதியை முழுவதும் அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். அதற்காக உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் டேட்டாவை இடம் மாற்றி, எது எங்கே போனது என்று தன் சொந்தப் பட்டியலில் குறித்துக்கொண்டிருக்கும். அந்தப் பட்டியல் பாதியில் அறுந்தால் கணினியால் டிரைவைப் படிக்க முடியாது. டிரைவ் எழுத்து வரும், ஆனால் திறந்தால் ‘டிஸ்கைச் சொருகுங்கள்’ என்று கேட்கும், அளவு சுழியம் காட்டும். எந்த மென்பொருளாலும் இதை மீட்க முடியாது. சிப்பைக் கழற்றிப் படிக்கும் லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும். அதனால் பெரிய காப்பிக்குப் பிறகு எஜெக்ட் கொடுத்து, விளக்கு மின்னுவது நிற்கும்வரை ஐந்தாறு வினாடி பொறுக்க வேண்டும். எஜெக்ட் ஆன பிறகும் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் கவலை வேண்டாம். போர்ட்டுக்கு மின்சாரம் வருகிறது என்பதுதான் அதன் பொருள்.

சுழலும் ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் எந்தச் சலுகையும் இல்லை. முறையாக எஜெக்ட் கொடுத்தால் படிக்கும் தலை மெதுவாக ஓரத்துக்குப் போய் உட்காரும், பிறகு தட்டு நிற்கும். கையை வைத்தால் அதிர்வு அடங்குவது தெரியும். அப்படியே உருவினால், மின்சாரம் அறுந்த நொடியில் தலை அவசரமாகப் பின்னுக்கு இழுக்கப்படும். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். எப்போதாவது இப்படி ஆவதைத் தாங்கும்படிதான் செய்திருக்கிறார்கள். தினமும் ஆனால் தேய்மானம் தேய்மானம்தான். பழைய ஹார்ட் டிஸ்க் வாங்குகிறவர்கள், ஸ்மார்ட் (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் பதிவு) விவரம் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றில் 192-ஆம் எண் வரியைப் பாருங்கள். பல டிஸ்குகளில் ‘பவர் ஆஃப் ரிட்ராக்ட்’ என்று இந்த அவசர இழுப்புகளின் எண்ணிக்கை அதில் இருக்கும். விற்கிறவர் எப்படி வைத்திருந்தார் என்பதை அந்த எண் சொல்லிவிடும். எஜெக்ட் கொடுத்த கையோடு டிஸ்கைத் தூக்கிப் பையில் போடாமல், தட்டு நிற்கப் பத்து வினாடி கொடுங்கள்.

இனி இந்த வசதியின் பெரிய குறைக்கு வருவோம். ‘இந்த டிவைஸ் பயன்பாட்டில் இருக்கிறது, புரோகிராம்களை மூடிவிட்டு மறுபடி முயலுங்கள்.’ எந்தப் புரோகிராம் என்று மட்டும் சொல்லவே சொல்லாது. கவுன்ட்டரில் நான்கு பேர் நிற்கும்போது இந்தப் பெட்டி வந்தால் யாருக்கும் பொறுமை இருக்காது, உருவத்தான் செய்வார்கள். அந்தக் கோபம் நியாயமானது. தகவல் விண்டோஸிடம் இருக்கிறது, வேறு எங்கோ போட்டு வைத்திருக்கிறது. ‘ஈவென்ட் வியூவர்’ திறந்து, ‘விண்டோஸ் லாக்ஸ்’, அதற்குள் ‘சிஸ்டம்’. மூலம் ‘கெர்னல்-பிஎன்பி’, எண் 225 என்ற வரி மேலேயே இருக்கும். எந்தப் புரோகிராம் தடுத்தது என்று அதன் பெயரோடு எழுதியிருக்கும். இதே வரியை அந்தப் பெட்டியிலேயே காட்டியிருந்தால் மதிப்பெண் இரண்டிலிருந்து நான்காகியிருக்கும்.

அவ்வளவு தூரம் போகுமுன் வழக்கமான காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள். முதலில், டிரைவின் ஃபோல்டர் திறந்திருக்கும் எக்ஸ்ப்ளோரர் ஜன்னலை மூடுங்கள். அடுத்து வேர்ட், பிடிஎஃப், வீடியோ பிளேயர். ஃபைலை மட்டும் மூடினால் போதாது, புரோகிராமையே மூடுங்கள். ஃபோட்டோஷாப்பும் எடிட்டிங் மென்பொருளும் தற்காலிக டேட்டாவுக்கு இந்த டிரைவையே வைத்திருக்கலாம். அப்படியானால் அவற்றை மூடும்வரை டிரைவ் வராது. ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஓடினால் முடியட்டும், அல்லது நிறுத்துங்கள். இன்னும் பிடிவாதம் பிடித்தால் டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ போய் ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ திறந்து, ‘சிபியு’ பக்கத்தில் ‘அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்’ தேடல் பெட்டியில் டிரைவின் எழுத்தையும் முக்காற்புள்ளியையும் அடியுங்கள். பிடித்து வைத்திருப்பவர் யார் என்று வரும். ‘சிஸ்டம்’ என்று மட்டும் வந்தால் மல்லுக்கட்டாமல் கணினியை நிறுத்திவிட்டு எடுங்கள். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டே ஷட் டவுன் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ காரணமாக விண்டோஸ் முழுவதும் மூடாமல் பாதித் தூக்கத்துக்குப் போகும்.

தூக்கம் என்றதும் ஒரு எச்சரிக்கை. லேப்டாப்பின் மூடியைச் சாய்த்து ஸ்லீப்பில் போட்டுவிட்டு டிரைவை உருவி, வேறு கணினியில் ஃபைல் சேர்த்து, மறுபடி அதே லேப்டாப்பில் சொருகி எழுப்புவது மிக மோசமான பழக்கம். எழுந்த விண்டோஸ், டிரைவ் பழையபடியே இருக்கிறது என்று நினைத்துப் பழைய அட்டவணையை வைத்துக்கொண்டு எழுதிவிடக்கூடும். சேர்த்த ஃபைல்கள் மட்டும் போவதில்லை, பக்கத்து ஃபைல்களும் கலங்கிவிடும்.

மேக்கில் விண்டோஸின் சலுகை இல்லை. சொருகிய உடனே ஸ்பாட்லைட் தேடல் அட்டவணை எழுதத் தொடங்கும். ‘சரியாக எஜெக்ட் செய்யவில்லை’ என்ற எச்சரிக்கையை அலட்சியம் செய்யாதீர்கள். ஆல்பம் வடிவமைப்புக்கு மேக் வைத்திருக்கும் இடங்களில் கொடுத்து வாங்கும்போது கமாண்ட் விசையோடு ஈ அழுத்தி எடுத்துத் தரச் சொல்லுங்கள். லினக்ஸ் இன்னும் கறார். களியக்காவிளை தாண்டினால் கேரள அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் லினக்ஸ்தான். எல்லையோரத்தில் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் ஒரே பென்டிரைவை இரண்டு பக்கமும் கொண்டுபோகிறார்கள். லினக்ஸ் பெரிய அளவு டேட்டாவை ராமில் வாங்கி வைத்துக்கொண்டு, காப்பி முடிந்ததாகக் காட்டிவிடும். 800 எம்பி ஃபைல் சில வினாடியில் முடிந்ததாகத் தெரிந்தாலும், வினாடிக்கு 8 எம்பி எழுதும் பென்டிரைவுக்கு நிஜமாக 100 வினாடி வேண்டும். ஃபைல் ஜன்னலில் டிரைவ் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எஜெக்ட் அம்பை அழுத்தினால், எழுதிக்கொண்டிருக்கிறது என்று முதலில் சொல்லி, முடிந்ததும் எடுக்கலாம் என்று சொல்லும். விண்டோஸைவிட இந்தப் பேச்சு எவ்வளவோ மேல்.

கேமரா கார்டுக்கு, கேமராவை ஆஃப் செய்து, சிவப்பு விளக்கு அணைந்த பிறகு எடுங்கள். சிசிடிவி டிவிஆரில் பேக்கப் எடுக்கும்போது பலவற்றில் எஜெக்ட் பட்டனே இருக்காது. முடிந்தது என்ற செய்தி வந்து, மெனுவை விட்டு வெளியே வந்து, அரை நிமிடம் கழித்து எடுப்பது நல்லது. கோயில் கொடைக்குப் பாட்டுப் போடும் மைக் செட், கார் ஸ்டீரியோ, பாட்டுக் கேட்கும் டிவி இவையெல்லாம் பெரும்பாலும் படிக்க மட்டும் செய்வதால் நிறுத்திவிட்டு உருவலாம். ரெக்கார்டிங் செய்யும் டிவி வேறு கதை. மவுஸ், கீபோர்டு, கைரேகை மெஷின், ஆடிட்டர் அலுவலகத்து டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எதற்கும் எஜெக்ட் தேவையில்லை. கையெழுத்து போட்டுக்கொண்டிருக்கும்போது மட்டும் டோக்கனைத் தொடாதீர்கள். கடைக் கணக்கின் டேலி டேட்டாவைப் பென்டிரைவிலேயே வைத்து ஓட்டுகிறவர்கள் அதை இன்றே கணினிக்கு மாற்றுங்கள், பேக்கப்பை மட்டும் பென்டிரைவில் எடுங்கள்.

பென்டிரைவில் ஃபோல்டர்கள் காணாமல்போய், அவற்றின் பெயரில் ஷார்ட்கட் மட்டும் இருந்தால் அது எஜெக்ட் கொடுக்காததால் வந்ததல்ல, வைரஸ். ஃபோல்டர்கள் மறைந்திருக்கின்றன, அழியவில்லை. இதையும் அதையும் குழப்பிக்கொண்டு ஃபார்மட் செய்துவிடுகிறார்கள்.

நிஜமாகவே பாதியில் உருவி, அடுத்த முறை சொருகும்போது ‘ஸ்கேன் செய்து சரிசெய்யவா’ என்று கேட்டால், அவசரப்படாதீர்கள். டிரைவ் திறந்தால் முதலில் வேண்டியதை வேறு டிஸ்குக்குக் காப்பி செய்யுங்கள், பிறகு ஸ்கேன் கொடுங்கள். ஸ்கேன் சில நேரம் அநாதையாகக் கிடக்கும் துண்டுகளை எடுத்து, பெயரை மாற்றி, மறைவான ஒரு ஃபோல்டரில் போட்டுவிடும். ‘ஃபார்மட் செய்யவா’ என்று கேட்டால் எக்காரணம் கொண்டும் சரி சொல்லாதீர்கள். அந்த டிரைவில் புதிதாக எதையும் எழுதாமல், டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள்களை முயலுங்கள். முதலாவது அழிந்த பார்ட்டிஷன் அட்டவணையை மீட்கும். இரண்டாவது அட்டவணையையே பார்க்காமல் டிரைவ் முழுவதையும் வருடி, போட்டோ, வீடியோ ஃபைல்களின் தொடக்க அடையாளத்தை வைத்து எடுக்கும். ஃபைல் பெயர்கள் போய்விடும். பல துண்டாகச் சிதறிய பெரிய வீடியோக்கள் முழுதாக வராமல் போகலாம். மீட்டதை வேறு டிஸ்கில்தான் சேமிக்க வேண்டும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று இரண்டு தொல்லைகள் உண்டு. ஐப்பசி மழையில் மதியத்துக்கு மேல் இடியும் கறண்ட் கட்டும் சேர்ந்தே வரும். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் காப்பி ஓடும்போது கறண்ட் போனால், பென்டிரைவைப் பாதியில் உருவியதற்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. பெரிய காப்பிகளை லேப்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது உப்புக் காற்று. குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடலை ஒட்டிய கடைகளில் டெஸ்க்டாப்பின் முன்பக்க போர்ட் சீக்கிரம் துருப்பிடித்துத் தளர்ந்துவிடும். தளர்ந்த போர்ட், யாரும் தொடாமலே டிரைவை உருவிக்கொண்டிருக்கும். சோதிக்க, ஒன்றும் எழுதாத நேரத்தில் பழைய பென்டிரைவ் ஒன்றைச் சொருகி, விரலால் லேசாக மேலும் கீழும் அசையுங்கள். கழன்று மாட்டும் ‘டிங்’ சத்தம் கேட்டால், கணினியை அணைத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் உள்ளே துடைத்து, நன்றாகக் காயவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் சத்தம் கேட்டால் அந்தப் போர்ட்டில் மவுஸை மாட்டிவிட்டு, ஹார்ட் டிஸ்கை மதர்போர்டோடு நேரே சேர்ந்திருக்கும் பின்பக்க போர்ட்டுக்கு மாற்றுங்கள்.